லண்டன்–பாரிஸ்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

கேள்வியின் சுருக்கம் இது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? 344, 347, 460, 492 என்று இடத்துக்கு ஓர் எண் கண்ணில் படுகிறது. போகும் டிக்கெட்டைப் பார்த்தால் 2 மணி 20 நிமிடப் பயணம் போலவும், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தால் வெறும் 20 நிமிடப் பயணம் போலவும் தெரிகிறது. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, பாரிஸில் லா சப்பல் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போக எந்தக் கணக்கை நம்புவது?

நான்கு எண்களும் சரியானவையே. 344 என்பது இரு நகர மையங்களுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தூரம். 347 என்பது ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரம். 460 என்பது ஏறத்தாழச் சாலை வழி. 492 என்பது ரயில் பாதையின் நீளம். நேரத்தைப் பொறுத்தவரை, விமான நிறுவனங்களின் அட்டவணையில் இந்தப் பயணம் பொதுவாக 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 25 நிமிடம் வரை இருக்கும். அதில் விமானம் வானத்தில் இருப்பது 45 முதல் 55 நிமிடம்தான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டிப் பார்த்தால், நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களுக்கும் இடையே விமானப் பயணம் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த எண்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன என்பது தெரிந்தால்தான் எதை வைத்துத் திட்டமிடலாம் என்பது புரியும் என்பதால், விவரமாக எழுதுகிறேன்.

ஒரு பெருநகரத்திலிருந்து இன்னொரு பெருநகரத்துக்குத் தூரம் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த நகரத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். லண்டனுக்கு மரபாக அந்தப் புள்ளி சேரிங் கிராஸ். அதாவது டிரஃபால்கர் சதுக்கத்தின் தென்புறத்தில், குதிரை மேல் அமர்ந்திருக்கும் முதலாம் சார்லஸ் மன்னரின் சிலை நிற்கும் இடம். பாரிஸுக்கு நோத்ர் தாம் தேவாலயத்தின் முன்முற்றத்தில் தரைக்கல்லில் பதித்திருக்கும் ஒரு வெண்கலத் தகடு. பிரான்சின் சாலைத் தூரங்கள் பாரிஸிலிருந்து எத்தனை என்று சொல்லும்போது அந்தத் தகடுதான் தொடக்கம்.

இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை ஒரு காகிதத்தில் நீங்களே கணக்கிட்டுவிடலாம். சேரிங் கிராஸ் 51.507 பாகை வட அட்சத்திலும், 0.128 பாகை மேற்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. நோத்ர் தாம் 48.853 பாகை வட அட்சத்திலும், 2.349 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. அட்ச வேறுபாடு 2.654 பாகை, ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் அது தெற்கு நோக்கி 295 கி.மீ. ஆகிறது. தீர்க்க வேறுபாடு 2.477 பாகை, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வருவதால், இந்த அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கத்துக்கு ஏறத்தாழ 71 கி.மீ.தான் கிடைக்கும், ஆகவே கிழக்கு நோக்கி 176 கி.மீ. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டால் 344 கி.மீ. வந்துவிடும். பூமி உருண்டை என்பதால் முறைப்படி பெருவட்ட வாய்பாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் இரண்டு விடைகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. சென்னை–லண்டன் போன்ற நீண்ட தடத்துக்கு இந்த எளிய முறை உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெருவட்டத் தூரத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ பயணிக்கு இழப்பீடு வழங்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குமுறை, தொகையைத் தூரத்தின்படி பிரிக்கும்போது, அந்தத் தூரம் பெருவட்ட முறையில்தான் அளக்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. விமானம் உண்மையில் எவ்வளவு சுற்றிப் பறந்தது என்பது அங்கே கணக்கில் வராது. லண்டன்–பாரிஸ் தடம் 1,500 கி.மீ.க்கு உட்பட்ட முதல் பிரிவில் விழுகிறது.

விமானத்தில் போகிறவர் சேரிங் கிராஸிலிருந்து நோத்ர் தாமுக்குப் பறப்பதில்லை. லண்டனைச் சுற்றி ஆறு விமான நிலையங்கள் உள்ளன; பாரிஸுக்கு முக்கியமானவை சார்ல் து கோல், ஒர்லி ஆகிய இரண்டு. ஹீத்ரோவிலிருந்து சார்ல் து கோலுக்கு 347 கி.மீ.; காட்விக்கிலிருந்து சார்ல் து கோலுக்கு ஏறத்தாழ 308; லூட்டனிலிருந்து ஏறத்தாழ 380; ஹீத்ரோவிலிருந்து ஒர்லிக்கு ஏறத்தாழ 366. லண்டனுக்குத் தெற்கே இருக்கும் காட்விக்கும் வடக்கே இருக்கும் லூட்டனும் ஒரே நகரத்தின் பெயரில் விற்கப்பட்டாலும், இரண்டுக்கும் இடையே 70 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் விழுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: பாரிஸ் லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கிறது, ஹீத்ரோவோ நகர மையத்திலிருந்து 20 கி.மீ.க்கும் அதிகமாக மேற்கே இருக்கிறது. கிழக்கு லண்டனில் இருப்பவர், பாரிஸுக்குப் போவதற்காக முதலில் பாரிஸுக்கு எதிர்த்திசையில் நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும்.

சாலையில் போனால் ஃபோக்ஸ்டன் வரை ஓட்டி, காரை ரயில் பெட்டியில் ஏற்றி, ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் செல்லும் சுரங்கத்தைக் கடந்து, கலேயிலிருந்து பாரிஸுக்கு ஓட்ட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 460 கி.மீ. கார் ஏற்றும் ரயில் சுரங்கத்தைக் கடக்க 35 நிமிடம். டோவர்–கலே கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம். நால்வர் ஐவராகப் போகும் குடும்பத்துக்கு இதுவே மலிவாக முடியக்கூடும், ஒருவருக்குச் சரிப்படாது. ரயில் பாதை 492 கி.மீ. நீளமாக இருப்பதற்குக் காரணம், அது லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து கிழக்கே தேம்ஸ் முகத்துவாரத்தின் பக்கம் போய், கென்ட் வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்கி, பிரான்சில் ஏறியதும் நேரே தெற்கே திரும்பாமல் லீல் நகரத்தின் ஓரம் வரை சென்று பிறகுதான் பாரிஸை நோக்கி வளைகிறது. பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் பாதையும் அங்கேதான் பிரிகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். ஏர்பஸ் 320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 347ஐ 830ஆல் வகுத்தால் 25 நிமிடம். இணையக் கணிப்பான்கள் சில இந்த விடையைத்தான் தருகின்றன. இந்தத் தடத்தில் எந்தப் பயணிகள் விமானமும் 25 நிமிடத்தில் போய்ச் சேர்வதில்லை. அதற்குக் காரணம், விமானம் அந்த வேகத்தில் பறக்கும் நேரமே மிகக் குறைவு என்பதுதான்.

ஹீத்ரோவில் கதவை மூடி, சக்கரக் கட்டைகளை எடுத்து, இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் அந்த நொடியிலிருந்து அட்டவணை நேரம் ஓடத் தொடங்குகிறது. பாரிஸில் வாயிலில் நின்று மீண்டும் கட்டை வைக்கும்போது முடிகிறது. இதைத்தான் விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 புறப்பாடு–தரையிறக்கம் என்ற வரம்புக்குள், அந்த இரண்டும் காலை முதல் இரவு வரை ஏறக்குறைய நிரம்பியே இருக்கின்றன. ஆகவே வாயிலிலிருந்து ஊர்ந்து போய், வரிசையில் நின்று, ஓடுபாதையில் ஏறவே 15 முதல் 20 நிமிடம் ஆகிவிடும். மேலே எழுந்த பிறகு, 10,000 அடி உயரம் வரை 250 நாட் (knot) வேகத்துக்கு, அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு, மேல் போகக்கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு. பிறகு வேகம் பிடித்து உயர்ந்து, சமநிலைக்கு வந்து, பணிப்பெண்கள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து முடிப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். சீரான உயரத்தில் பறப்பது பத்து நிமிடம் அளவுக்குத்தான். இறங்கும்போது மீண்டும் அதே வேகக் கட்டுப்பாடு. ஓடுபாதையைத் தொடுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் வேகம் மணிக்கு 260 கி.மீ. அளவுக்குக் குறைந்திருக்கும். சார்ல் து கோலில் நான்கு ஓடுபாதைகள் இருப்பதால் நெரிசல் குறைவு; ஆனால் இடம் மிகப் பெரியது என்பதால், தரையைத் தொட்ட பிறகு வாயிலை அடையப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஊர்ந்தாக வேண்டியிருக்கும்.

காற்றின் திசையும் இதில் சேர்ந்துகொள்கிறது, பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களுக்கு மேற்குக் காற்று ஒரு மணி நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இந்தக் குறுகிய தடத்தில் உயரத்துக் காற்றால் ஏற்படும் வித்தியாசம் இரண்டொரு நிமிடம்தான். உண்மையான பாதிப்பு தரை மட்டக் காற்றால் வருகிறது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பவும் இறங்கவும் வேண்டும். வடமேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது; ஹீத்ரோவின் ஓடுபாதைகளும் சார்ல் து கோலின் ஓடுபாதைகளும் கிழக்கு–மேற்காக அமைந்தவை. ஆகவே தென்கிழக்கே போக வேண்டிய விமானம் ஹீத்ரோவில் மேற்கு நோக்கி எழும்பி, பாரிஸிலிருந்து விலகிச் சென்று, பிறகு திரும்புகிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், மேற்கு முகமாகத் திரும்பி இறங்குகிறது. 347 கி.மீ. என்ற நேர்க்கோடு இரு முனைகளிலும் கொக்கி போல வளைந்துவிடுகிறது. கிழக்குக் காற்று வீசும் நாளில் இரு முனைகளும் சாதகமாக அமைவதால், அதே விமானம் அட்டவணைக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பயணிகளை வியப்பில் ஆழ்த்துவது உண்டு.

திரும்பும் வழியில் வேறொரு தாமதம் காத்திருக்கிறது. ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் இறங்கும் முறைக்காகக் காத்திருந்து வட்டமிட, பொவிங்டன், லாம்போர்ன், பிக்கின், ஆக்கம் என்ற நான்கு காத்திருப்பு அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் விமானங்கள் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே இருப்பது இறங்கப் போனதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும். நெரிசல் நேரத்தில் அங்கே பத்து நிமிடம் சுற்றுவது சாதாரணம். இந்தத் தடத்தில் பத்து நிமிடம் என்பது பறக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. விமான நிறுவனங்கள் இதையெல்லாம் அனுபவத்தில் அறிந்தே, அட்டவணை நேரத்தில் கொஞ்சம் தாராளம் வைத்துவிடுகின்றன. அட்டவணைக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது நேரத்துக்கு வந்ததாகவே கணக்கிடப்படும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் 50 நிமிடப் பறப்புக்கு 1 மணி 20 நிமிடம் போட்டிருப்பதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

டிக்கெட்டில் தெரியும் 20 நிமிட அதிசயத்துக்கு விளக்கம் எளிது. பாரிஸ் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம்தான் அச்சாகும். லண்டனில் காலை 8:00 மணிக்குப் புறப்படும் விமானம் பாரிஸில் 10:20க்குச் சேர்வதாகப் போட்டிருக்கும். பாரிஸில் 10:20க்குப் புறப்படுவது லண்டனில் 10:40க்குச் சேர்வதாகப் போட்டிருக்கும். இரண்டுமே 1 மணி 20 நிமிடம்தான். கோடை நேரத்துக்கு மாறுவதும் திரும்புவதும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில், கிரீனிச் நேரம் 1:00 மணிக்கு, இரு நாடுகளிலும் ஒரே கணத்தில் நடப்பதால், இந்த ஒரு மணி நேர வித்தியாசம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.

சூரியனைக் கேட்டால் இந்த வித்தியாசம் பத்து நிமிடம்கூட இருக்கக்கூடாது. பாரிஸ் கிரீனிச்சிலிருந்து இரண்டு பாகைக்குச் சற்று மேல்தான் கிழக்கே இருக்கிறது. 1911ஆம் ஆண்டு வரை பிரான்சின் சட்டபூர்வ நேரம் பாரிஸ் நேரமாக, கிரீனிச்சைவிட 9 நிமிடம் 21 நொடி முந்தியதாக இருந்தது. அந்த ஆண்டு கிரீனிச் நேரத்துக்கு மாறியபோதும், சட்டத்தில் கிரீனிச் என்ற பெயரை எழுத மனம் வராமல், ‘9 நிமிடம் 21 நொடி பின்தள்ளப்பட்ட பாரிஸ் நேரம்’ என்றே எழுதினார்கள். 1940இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கடிகாரங்கள் பெர்லின் நேரத்துக்கு மாற்றப்பட்டன. போர் முடிந்த பிறகும் பிரான்ஸ் கிரீனிச் நேரத்துக்குத் திரும்பவில்லை. உங்கள் டிக்கெட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தின் பூர்வீகம் இதுதான்.

இந்தத் தடத்துக்கு விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் தனி இடம் உண்டு என்பதால் சிறிது பின்னோக்கிப் போகிறேன். 1919 ஆகஸ்ட் 25ஆம் தேதி, இன்றைய ஹீத்ரோவுக்கு அருகிலேயே இருக்கும் ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிஸின் லெ பூர்ஜேவுக்கு ஒரு டிஹெச் 4ஏ விமானம் புறப்பட்டது. தினசரி சர்வதேசப் பயணிகள் விமான சேவையின் தொடக்கமாக அதைக் கொள்கிறார்கள். ஒரே ஒரு பயணி. கூடவே செய்தித்தாள்கள், தோல், டெவன்ஷயர் கிரீம், உணவுக்காக வேட்டையாடப்பட்ட பறவைகள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்தக் காலத்தில் விமானிகள் கீழே தெரியும் சாலையையும் தண்டவாளத்தையும் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். 1922 ஏப்ரல் 7ஆம் தேதி பிக்கார்டிப் பகுதியில், மூடுபனியில், ஒரே சாலையைப் பின்பற்றி எதிரெதிராக வந்த பிரிட்டிஷ் விமானமும் பிரெஞ்சு விமானமும் மோதி, இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இரண்டு பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்ட முதல் விபத்து அது. அதற்குப் பிறகே, இந்தத் தடத்தில் வழிகாட்டும் சாலைக்கு வலப்பக்கமாகவே பறக்க வேண்டும் என்பது போன்ற ஒழுங்குகள் வலுப்பெற்றன. இன்று ரேடார் கட்டுப்பாட்டில், வானத்தில் வரையறுத்த பாதைகளில்தான் விமானங்கள் போகின்றன. நேர்க்கோட்டில் பறக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம், பாதுகாப்பாகப் பறக்க முடிவதற்கும் அதுவே காரணம்.

1919க்கும் இன்றைக்கும் இடையே விமானத்தின் வேகம் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. வானத்தில் இருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஆனால் பயணியின் மொத்த நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை; மிச்சப்பட்டதைத் தரை விழுங்கிவிட்டது. இதை 1959ஆம் ஆண்டிலேயே ஒரு போட்டி அழகாகக் காட்டியது. பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்ததன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, டெய்லி மெயில் நாளிதழ், லண்டனின் மார்பிள் ஆர்ச்சிலிருந்து பாரிஸின் வெற்றி வளைவு வரை யார் விரைவாகச் சேர்கிறார் என்று போட்டி நடத்தியது. பிரிட்டிஷ் விமானப் படையின் சார்ல்ஸ் மாகன், மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர், ஹண்டர் போர் விமானம் ஆகியவற்றை அடுத்தடுத்துப் பயன்படுத்தி 40 நிமிடம் 44 நொடியில் சேர்ந்து முதலிடம் பெற்றார். போர் விமானத்தின் வேகம் மட்டுமே அந்த வெற்றியைத் தரவில்லை. விமானத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காமல் திட்டமிட்டதும் தந்தது. நமக்கு அந்த வசதி இல்லை.

இனி உங்கள் பயணத்துக்கே கணக்குப் போடுவோம். விமானத்தில் போவதானால், ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹீத்ரோவுக்கு ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம், விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும், அட்டவணை நேரம் 1 மணி 20 நிமிடம், சார்ல் து கோலில் பாஸ்போர்ட் வரிசைக்கும் பெட்டிக்கும் முக்கால் மணி நேரம், அங்கிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலுக்காகக் காத்திருந்து, கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடப்பதற்கு 50 நிமிடம். மொத்தம் ஆறே கால் மணி நேரம். ரயிலில் போவதானால், ஈஸ்ட் ஹாமில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்ற நகர ரயில் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலே கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராஸில் இறங்கலாம், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைகளுக்காக ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். சுரங்கம் வழியாகப் பாரிஸுக்கு ஓடும் யூரோஸ்டார் அதிவேக ரயிலில் பயணம் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். அது போய் நிற்பதும் அதே கார் து நோரில்தான், அங்கிருந்து லா சப்பலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. மொத்தம் நாலரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். சுரங்கத்துக்குள் மணிக்கு 160 கி.மீ., வெளியே 300 கி.மீ. வரை என்று ஓடும் ரயில், 830 கி.மீ. வேக விமானத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முந்துகிறது. இந்தத் தடத்தில் ரயிலையே நான் பரிந்துரைப்பேன். ஒரு மனக்குறை மட்டும் உண்டு: ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனல் என்று பெயர் வைத்து ஒரு நிலையத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள், யூரோஸ்டார் அதன் வழியாகத்தான் ஓடுகிறது, ஆனால் அங்கே நிற்பதில்லை.

எல்லோருக்கும் ரயில்தான் சரி என்று சொல்லிவிட முடியாது. ஹவுன்ஸ்லோ, சவுத்ஹால், ஹேஸ் பக்கம் வசிப்பவர்களுக்கு ஹீத்ரோ வீட்டு வாசலில் இருக்கிறது. பாரிஸ் பக்கத்திலும் லா கூர்நெவ், லெ பூர்ஜே, திரான்சி போன்ற வடக்குப் புறநகர்களில் உறவினர் இருந்தால், அவை சார்ல் து கோலுக்கும் நகரத்துக்கும் இடையே அதே ஆர்.இ.ஆர். பி தடத்தில் வருவதால், விமானத்தின் நட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். சென்னையிலிருந்து லண்டன் வழியாக ஒரே டிக்கெட்டில் பாரிஸ் போகிறவர், இடையில் இறங்கி ரயிலைத் தேடுவதில் பொருளில்லை. பெட்டி நேராக அடுத்த விமானத்துக்கு மாறிவிடும், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்து தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. கட்டணமும் ஒரு காரணம்: யூரோஸ்டார் டிக்கெட் கடைசி நேரத்தில் மிகவும் ஏறிவிடும். குறைந்த கட்டண விமானத்தின் விலையைப் பார்க்கும்போது, பெட்டிக்கான கட்டணத்தையும் இரு முனைகளிலும் ஆகும் ரயில் செலவையும் சேர்த்தே பாருங்கள். ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

எல்லைச் சோதனையை இரு வழிகளிலும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஆனால் அது நடக்கும் இடம் வேறு. விமானத்தில் போனால் பிரெஞ்சு அதிகாரியை நீங்கள் சந்திப்பது பாரிஸில் இறங்கிய பிறகு. ரயிலில் போனால் செயின்ட் பாங்க்ராஸிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் அமர்ந்திருப்பார்கள். சோதனை முடித்து ஏறிவிட்டால் கார் து நோரில் நேரே தெருவுக்கு வந்துவிடலாம். திரும்பும்போது கார் து நோரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருப்பார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் வெளிநாட்டவரின் முகப் படத்தையும் விரல் ரேகையையும் மின்னணு முறையில் பதிவு செய்யத் தொடங்கியிருப்பதால், முதல் முறை போகிறவர் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக, தூரத்தையும் நேரத்தையும்விட முக்கியமானது. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர் பிரிட்டன் விசாவைக் காட்டிப் பிரான்சுக்குள் நுழைய முடியாது. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். லண்டனுக்குப் போன பிறகு அங்கேயே விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், சுற்றுலாப் பயணியாக லண்டனில் தங்கியிருப்பது வசிப்பதாகாது. ஆகவே ஊரிலிருந்து புறப்படும் முன்பே இரண்டு விசாக்களையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்பும் தேதியில் பிரிட்டன் விசா செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.